முளை, நூல், சுண்ணாம்பு: மவுஸை இழுத்தால் உருவம் எப்படி வருகிறது?

சேரன்மகாதேவியில் அத்தான் புது வீட்டுக்கு வானம் தோண்டக் கோடு போட்ட அன்று, காலை 6 மணிக்கே கொத்தனார் வந்துவிட்டார். கன்னி மூலையில் முதல் முளையை அடித்தார். அதில் நூலைக் கட்டி, நூல்கண்டைக் கையில் பிடித்தபடி எதிர்ப் பக்கம் நடந்தார். நூல் அவர் பின்னாலேயே நீண்டது. ஓரிடத்தில் நின்று இழுத்துப் பிடித்து, "அண்ணாச்சி, இவ்வளவு போதுமா, தெருப் பக்கம் இன்னும் ரெண்டடி விடணுமா?" என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் கையைக் காட்ட, இரண்டு எட்டு பின்னால் வந்தார். நூலும் கூடவே வந்தது. எல்லாருக்கும் மனசு ஒத்த பிறகுதான் அடுத்த முளை இறங்கியது. அதற்கும் பிறகுதான் நூலோரமாகச் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. கடைசியில் நூலை அவிழ்த்துச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். தரையில் வெள்ளைக் கோடு மட்டும் நின்றது.

அன்று மாலை அக்கா மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கல்லூரியில் ஜாவா படிக்கிறாள். மவுஸால் செவ்வகம் வரைகிற ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, நான் ஒண்ணு வரைஞ்சா நூறு வருது."

திரையைப் பார்த்தேன். ஒரே மூலையிலிருந்து கிளம்பி, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக, செவ்வகத்துக்கு மேல் செவ்வகம். காலையில் கொத்தனார் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் சுண்ணாம்பு போட்டிருந்தால் மனை எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது.

எனக்குப் பாளையங்கோட்டையில் டிசைன் கடை. ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு எல்லாம் போடுகிறோம். அதற்கு முன் பல வருடம் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். அவளுக்கு அன்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். புரோகிராம் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். பெயிண்டிலோ இங்க்ஸ்கேப்பிலோ கோரல் டிராவிலோ கட்டம் போடுகிற எவருக்கும், தன் கை இழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் வேலை பிடிபட்டுவிடும்.

முதலில் தெரிய வேண்டியது, மவுஸ் எதையும் வரைவதில்லை. வரைகிற வேலைக்கு அது கணினியிடம் சொல்வதெல்லாம் மூன்றே சேதி: பொத்தான் இறங்கியது, இந்தப் பக்கம் இவ்வளவு நகர்ந்தேன், பொத்தான் ஏறியது. நகர்ந்த கணக்கைக் கூட்டிக் கூட்டி, அம்புக்குறி இப்போது திரையில் எங்கே நிற்கிறது என்று இயங்குதளம் வைத்திருக்கிறது. நாம் எழுதும் புரோகிராமுக்கு வந்து சேர்வது, இன்ன இடத்தில் அழுத்தினார்கள், அழுத்தியபடியே இன்ன இடத்துக்கு வந்தார்கள், இன்ன இடத்தில் விட்டார்கள் என்ற தகவல் மட்டும்தான். ஜாவாவில் இவற்றுக்கு மவுஸ் பிரஸ்டு, மவுஸ் டிராக்டு, மவுஸ் ரிலீஸ்டு என்று பெயர். வேறு மொழிகளில் பெயர் மாறும், மூன்றும் மாறாது.

கொத்தனாரின் வேலையோடு இதை ஒட்டிப் பாருங்கள். அழுத்துவது முளை அடிப்பது. இழுப்பது நூலைப் பிடித்துக்கொண்டு நடப்பது. விடுவது சுண்ணாம்பு போடுவது. முளை அசையாது, நூலின் நுனி மட்டும் கையோடு போகும். நூல் வெறும் பார்வைக்குத்தான், கோடு விழுந்ததும் அதற்கு வேலை இல்லை. மவுஸால் வரைகிற எல்லா மென்பொருளும் இந்த ஒரு ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. அக்கா மகளுக்கு வந்த தொல்லை மூன்றும், இதில் ஏதோ ஓரிடத்தில் தடம் மாறியதால் வந்தவைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அது முக்கியம். கொத்தனாருக்கு நான்கு முளை வேண்டும். மூலைமட்டம் வேண்டும். 3 அடி, 4 அடி குறித்துக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று டேப்பு பிடிக்க வேண்டும். ஏனென்றால் வெறும் தரையில் எது நேர், எது குறுக்கு என்று முன்கூட்டியே எதுவும் இல்லை. திரையில் அப்படி இல்லை. அது பிறக்கும்போதே வரிசை வரிசையாக, பத்தி பத்தியாகப் புள்ளி வைத்த தரை. செவ்வகத்தின் பக்கங்கள் அந்த வரிசையோடும் பத்தியோடும்தான் ஒட்டி ஓடும் என்று வைத்துக்கொண்டால், எதிரெதிர் மூலை இரண்டு தெரிந்தாலே போதும், மற்ற இரண்டு மூலையும் தானாக வந்து விழும். அதனால்தான் ஒரே இழுப்பில் செவ்வகம் வந்துவிடுகிறது. கணினி மனதில் வைத்துக்கொள்வது நான்கே எண்: முளையின் இரண்டு, நுனியின் இரண்டு.

அந்த எண்களைப் படிப்பதில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தாளில் எக்ஸ் அச்சு வலது பக்கம் போகும், ஒய் அச்சு மேலே ஏறும். திரையில் எக்ஸ் அதே மாதிரிதான், ஒய் மட்டும் கீழே இறங்கும். சுழியம் இருப்பது இடது மேல் மூலையில். பழைய படக்குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றை இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு வரி முடித்து அடுத்த வரி என்று கீழே இறங்கி வந்தது. அந்த வரிசையிலேயே எண்களையும் அடுக்கினார்கள், இன்றுவரை அப்படியே நிற்கிறது. நாம் நோட்டில் எழுதுவதும் மேலிருந்து கீழே தானே. அப்படி நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஓர் இழுப்பை எண்ணோடு பார்ப்போம். எக்ஸ் 120, ஒய் 80 என்ற இடத்தில் அழுத்துகிறீர்கள். எக்ஸ் 420, ஒய் 260-இல் விடுகிறீர்கள். அகலம் 300, உயரம் 180. இதுதான் செவ்வகம்.

ஒரு முனையை ஊன்றி மறு முனையை இழுக்கும் இந்த யோசனை மவுஸுக்கும் மூத்தது. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமை எழுதினார். டி.எக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து வரைய வேண்டும். கோட்டின் ஒரு முனை தொட்ட இடத்தில் நிற்கும், மறு முனை பேனாவோடு ரப்பர் மாதிரி நீளும், சுருங்கும். இன்றும் அந்த உத்திக்கு ரப்பர் பேண்டு என்றுதான் பெயர். அடுத்த வருடம், 1964-இல், டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் நினைத்ததை, அவரோடு வேலை பார்த்த பில் இங்கிலிஷ் மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரம் வைத்துச் செய்துகாட்டினார். ஒரு சக்கரம் குறுக்கு நகர்வுக்கு, இன்னொன்று நெடுக்கு நகர்வுக்கு. அதுதான் முதல் மவுஸ். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஊரறியக் காட்டினார்கள். வீட்டில் உட்கார்ந்து மவுஸை இழுத்துச் செவ்வகம் போடும் பழக்கத்தைப் பலருக்கும் பழக்கியது, 1984-இல் மெக்கின்டாஷோடு வந்த மேக்பெயிண்ட். அதை எழுதியவர் பில் அட்கின்சன்.

இனி அக்கா மகளின் புரோகிராமுக்கு வருவோம்.

மவுஸ் நகர்ந்த ஒவ்வொரு சேதிக்கும் அவள் ஒரு செவ்வகத்தை நேரடியாகத் திரையில் வரைந்துகொண்டிருந்தாள். முன்னால் வரைந்ததை யாரும் எடுக்கவில்லை. நூல் போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பைப் போட்டுவிட்டாள். இதைச் சொன்னதும் உடனே, "அப்போ பழசை வெள்ளையால அழிச்சிட்டு புதுசை வரையுறேன்" என்றாள். நல்ல யோசனைதான், பாதி தூரம் வரை கொண்டுபோகும். எழுதினாள். ஒரே ஒரு செவ்வகம் அழகாக நீண்டது, சுருங்கியது. இரண்டாவதை முதலாவதின் மேலாக இழுத்தபோதுதான், முதலாவதின் கோட்டில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுந்தது. பழைய நூலை அழித்த வெள்ளை, கீழே இருந்த சுண்ணாம்பையும் சேர்த்து அழித்துவிட்டது.

முன்னோடிகளுக்கும் இதே சங்கடம் வந்திருக்கிறது. அவர்கள் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. கோட்டுக்கென்று ஒரு நிறம் வைக்காமல், கோடு போகும் இடத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் புரட்டிவிடுவார்கள். வெள்ளை இருந்தால் கறுப்பு, கறுப்பு இருந்தால் வெள்ளை. அதே இடத்தில் அதே கோட்டை இரண்டாம் தடவை போட்டால் எல்லாம் மறுபடி புரண்டு, கீழே என்ன இருந்ததோ அது அப்படியே திரும்பி வந்துவிடும். அழிப்பதற்கென்று தனியாக எதுவும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு எக்ஸ்-ஆர் முறை என்று பெயர். நினைவகம் குறைவாகவும் கணினி மெதுவாகவும் இருந்த காலத்தில் இது பெரிய உபகாரம். பழைய மென்பொருள்களில் இழுக்கும்போது கோடு இடத்துக்கு இடம் நிறம் மாறித் தெரிந்ததை நினைவிருப்பவர்களுக்கு, காரணம் இதுதான். ஜாவாவில் இன்னும் அந்த வசதி இருக்கிறது.

இன்றைக்கு அது தேவையில்லை. இன்றைய வழி இன்னும் எளிது: எதையும் தனித்தனியாக அழிக்காதே, மொத்தமாகத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வரை.

அதற்கு, வரைந்தவை எல்லாம் எங்காவது எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். திரை என்பது மணல். அதில் எழுதியது நிற்கும் என்று நம்பக்கூடாது. ஒவ்வொரு செவ்வகத்தின் நான்கு எண்ணையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பட்டியல்தான் படம், திரையில் தெரிவது அதன் பிம்பம். அவளிடம் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் இப்படி எழுதிக் காட்டினேன்:

பொத்தான் இறங்கும்போது:
    முளை = அம்புக்குறி நிற்கும் இடம்
    நுனி = அதே இடம்
    இழுப்பில் இருக்கிறோமா = ஆம்

இழுக்கும்போது:
    நுனி = அம்புக்குறி நிற்கும் இடம்
    "திரையைப் புதிதாக வரை" என்று கேள்

பொத்தான் ஏறும்போது:
    நுனி = அம்புக்குறி நிற்கும் இடம்
    (முளை, நுனி) ஜோடியைப் பட்டியலில் சேர்
    இழுப்பில் இருக்கிறோமா = இல்லை
    "திரையைப் புதிதாக வரை" என்று கேள்

திரை வரையும்போது:
    பின்னணியைத் துடை
    பட்டியலில் உள்ள ஒவ்வொரு செவ்வகத்தையும் வரை
    இழுப்பில் இருந்தால், முளைக்கும் நுனிக்கும் நடுவே நூல்கோடு வரை

இதில் கவனிக்க வேண்டியது, முதல் மூன்று பகுதியிலும் வரைகிற வேலையே இல்லை. எண்களை மாற்றுகிறோம், வரையச் சொல்லிக் கேட்கிறோம், அவ்வளவுதான். வரைவது நான்காவது பகுதி மட்டும். ஜாவாவில் ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்ய உதவும் ஸ்விங் என்ற கருவித்தொகுப்பில், கேட்பதற்கு ரீபெயின்ட் என்று பெயர், வரையும் இடத்துக்குப் பெயின்ட் காம்பொனன்ட் என்று பெயர். ரீபெயின்டை அடுத்தடுத்துப் பல தடவை கேட்டாலும் அது ஒன்றாகச் சேர்த்து ஒரு தடவையில் வரைந்துவிடும், அதனால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

"ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் வரைஞ்சா மெதுவாயிடாதா மாமா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. சில நூறு செவ்வகம் என்பது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. படம் துடைத்து வரையும்போது கண் சிமிட்டுகிற மாதிரித் தெரியாதா என்றால், அதற்கும் வழி இருக்கிறது. மறைவாக வேறொரு தாளில் முழுதாக வரைந்து முடித்து, முடிந்த பிறகு ஒரே வீச்சில் திரைக்குக் கொண்டுவருவார்கள். ஸ்விங் இதைத் தானாகவே செய்துகொள்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்ததும், அவள் இன்னும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த இரண்டாவது தொல்லையும் கூடவே தீர்ந்துவிட்டது. முன்பு ஜன்னலின் ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்கினால் வரைந்தது மொத்தமும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. "எல்லாம் போயிட்டு மாமா" என்று அன்று மதியம் முழுக்க மண்டையை உடைத்திருக்கிறாள். ஜன்னலின் அளவு மாறினால் இயங்குதளம் புரோகிராமைப் பார்த்து, உன் படத்தை வரைந்துகொள் என்று சொல்லும். பட்டியல் இல்லாதவள் எதை வரைவாள்? இப்போது பட்டியல் இருக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் வரையும்.

மூன்றாவது தொல்லைதான் சுவாரசியமானது. இடது மேலிலிருந்து வலது கீழாக இழுத்தால் செவ்வகம் வருகிறது. வலது கீழிலிருந்து இடது மேலாக இழுத்தால் ஒன்றுமே வரவில்லை. கைக்கு எந்தத் திசையும் ஒன்றுதான், கணக்குக்கு அப்படி இல்லை. அதே செவ்வகத்தைத் தலைகீழாக இழுத்துப் பாருங்கள்: முளை 420, 260. நுனி 120, 80. நுனியிலிருந்து முளையைக் கழித்தால் அகலம் கழித்தல் 300, உயரம் கழித்தல் 180. ஜாவாவில் செவ்வகம் வரையும் கட்டளைக்கு இடது மேல் மூலையும், அகலமும், உயரமும் கொடுக்க வேண்டும். அகலமோ உயரமோ சுழியத்துக்குக் கீழே போனால் அது சத்தம் காட்டாமல் சும்மா இருந்துவிடும். பிழை என்றுகூடச் சொல்லாது. பல மாணவர்கள் இங்கே மணிக்கணக்கில் திணறிப் பார்த்திருக்கிறேன்.

தீர்வு ஒரு வரி. இரண்டு எக்ஸில் சின்னது எதுவோ அது இடது ஓரம், இரண்டு ஒய்யில் சின்னது எதுவோ அது மேல் ஓரம். கழித்து வரும் எண்ணின் குறியை விட்டுவிட்டால் அகலமும் உயரமும் கிடைத்துவிடும். எந்த மூலையில் தொடங்கி எந்த மூலைக்கு இழுத்தாலும் 120, 80, 300, 180 என்றே வந்து நிற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தத் திருத்தத்தை வரையும் நேரத்தில் மட்டும் செய்ய வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே முளையைத் தொட்டு மாற்றிவிட்டால், கை மறுபடி திசை மாறும்போது செவ்வகம் எங்கோ ஊன்றிக்கொள்ளும். அடித்த முளையைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்குச் சமம் அது.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் சதுரம் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயிண்டிலும் லிப்ரே ஆபீஸிலும் ஷிஃப்ட், இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல். உள்ளே நடப்பது, கை கொடுத்த நுனியை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் இழுத்துச் சரிக்கட்டுவது. மேலே சொன்ன தலைகீழ் இழுப்பில் அகலம் 300, உயரம் 180. சின்னதை எடுத்துக்கொண்டால் பக்கம் 180. இங்கே திசையை மறந்துவிடக்கூடாது. கை இடது மேல் பக்கம் போயிருப்பதால் சதுரமும் முளையிலிருந்து அந்தப் பக்கம்தான் விரிய வேண்டும். 420-இல் 180 போக 240, 260-இல் 180 போக 80. நுனி இப்போது 240, 80. பட்டியலில் சேர வேண்டியதும் இந்தச் சரிக்கட்டிய நுனிதான், கை நின்ற இடம் அல்ல. நூல் காட்டியது ஒன்று, சுண்ணாம்பு விழுந்தது ஒன்று என்றால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

நடுவிலிருந்து விரிகிற செவ்வகமும் இதே மாதிரிதான். லிப்ரே ஆபீஸில் ஆல்ட், இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட். 270, 170-இல் அழுத்தி 420, 260 வரை இழுத்தால், ஒரு பக்கம் 150, மறு பக்கமும் 150. மேலே 90, கீழே 90. கிடைப்பது 120, 80-இலிருந்து 420, 260 வரை. பழைய செவ்வகமேதான், முளை மட்டும் நடு முற்றத்தில் அடித்திருக்கிறோம்.

புள்ளியில் ஒட்டிக்கொள்ளும் வசதியை விளக்க எனக்கு மார்கழி வாசலைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. அம்மா புள்ளிக் கோலம் போடும்போது கை எங்கே போனாலும் கோடு புள்ளியில்தான் போய் முடியும். இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு அறுந்து நிற்காது. கணினியிலும் 20 பிக்சலுக்கு, அதாவது 20 திரைப்புள்ளிக்கு, ஒரு கோலப்புள்ளி என்று வைத்துக்கொண்டால், கை 127-இல் நின்றால் 120-க்கு ஒதுக்குவோம், 133-இல் நின்றால் 140-க்குத் தள்ளுவோம். 20-ஆல் வகுத்து, கிட்டத்து முழு எண் எடுத்து, மறுபடி 20-ஆல் பெருக்கினால் தீர்ந்தது. முளைக்கும் செய்ய வேண்டும், நுனிக்கும் செய்ய வேண்டும். நுனிக்கு மட்டும் செய்தவர்களின் கட்டங்கள் ஒரு பக்கம் ஒட்டி, ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

வட்டமும் நீள்வட்டமும் தனிக் கதை இல்லை. அதே இரண்டு மூலை, அதே செவ்வகம். அதற்குள் நான்கு ஓரத்தையும் தொட்டபடி அடங்குகிற நீள்வட்டத்தை வரைகிறார்கள், செவ்வகத்தைக் காட்டுவதில்லை. அதனால்தான் வட்டத்தைச் சரியாக ஓரிடத்தில் உட்கார வைக்கப் புதியவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. வட்டத்தின் ஓரத்தில் தொடங்கக் கூடாது, அதைச் சுற்றியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் மூலையில் தொடங்க வேண்டும். கடையில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன அன்றே கை பழகிவிடுகிறது.

சாய்வுக் கோடு வேறு மாதிரி. பட்டமடைக் கல்யாணப் பாயில் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் நெய்திருப்பதை உற்றுப் பாருங்கள். பாவு நூல் நெடுக்கே ஓடும், கோரை குறுக்கே ஓடும். சாய்ந்து ஓடுவதற்கு அங்கே எதுவுமே கிடையாது. இருந்தாலும் எழுத்தில் சாய்வு தெரிகிறது. எப்படி? ஒரு கோரைக்கு ஒரு கண்ணி தள்ளி, அடுத்த கோரைக்கு இன்னொரு கண்ணி தள்ளி, படிக்கட்டாக நெய்கிறார்கள். படி சின்னதாக இருப்பதால் தூரத்திலிருந்து கோடாகத் தெரிகிறது. திரையிலும் அதே நிலைமை. புள்ளி வரிசையில் இருக்கிறது, பத்தியில் இருக்கிறது, நடுவில் இல்லை. ஒவ்வோர் எட்டிலும் நேரே போவதா, ஒரு படி இறங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். 1962-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜாக் பிரெசென்ஹாம் இதற்கு ஒரு வழி கண்டார். உண்மையான கோட்டிலிருந்து எவ்வளவு விலகிவிட்டோம் என்று ஒரு கணக்கை மட்டும் கூட்டிக் கழித்துக்கொண்டே போவது, விலகல் பாதிப் புள்ளியைத் தாண்டினால் படி இறங்குவது. வகுத்தலே வேண்டாம். அவர் அதை எழுதியது திரைக்காக அல்ல, பேனாவை நகர்த்தி வரைகிற பிளாட்டருக்காக. எங்கள் கடையில் ஸ்டிக்கர் வெட்டுகிற பிளாட்டர் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வரும். இப்போதைய திரைகளில் படியின் ஓரத்துப் புள்ளிகளுக்கு இளஞ்சாம்பல் பூசி மழுக்கிவிடுகிறார்கள், படி கண்ணில் படுவதில்லை.

கைபோன போக்கில் வரைவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இதில் நூல் கிடையாது, போகிற வழியெல்லாம் முளைதான். மவுஸ் வரும் வழி தொடர்ச்சியாக இருந்தாலும், சாதாரண யூ.எஸ்.பி. மவுஸ் தான் நகர்ந்ததை நொடிக்கு 125 தடவைதான் சொல்கிறது. அரை நொடியில் 1000 பிக்சல் வேகமாக இழுத்தால் ஏறக்குறைய 62 சேதி வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 16 பிக்சல் இடைவெளி. வந்த இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால், அரிசி சிந்திய மாதிரித் தெரியும். அதனால் வந்த புள்ளியை முந்தின புள்ளியோடு ஒரு சின்னக் கோட்டால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

இனி என் கடையில் நடந்த ஒன்று. ஆட்டோவின் பின்கண்ணாடிக்குச் ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்த ஒரு கோப்பு. திரையில் பெயர் மட்டும்தான் தெரிந்தது, சுத்தமாக இருந்தது. பிளாட்டரில் போட்டால் எழுத்தை வெட்டி முடித்துவிட்டு, கத்தி வெறும் இடத்துக்குப் போய் டொக் டொக் என்று குத்தியது. நான்கைந்து இடத்தில் ஸ்டிக்கரில் ஓட்டை. கோப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த இடங்களில் அகலமும் இல்லாமல் உயரமும் இல்லாமல் ஐந்து செவ்வகங்கள் இருந்தன. வரைந்தவர் செவ்வகக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அங்கங்கே சும்மா சொடுக்கியிருக்கிறார். அழுத்திய இடமும் விட்ட இடமும் ஒன்று, அல்லது ஒரு பிக்சல் தள்ளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பட்டியலில் இருக்கிறது. கத்தி பட்டியலைத்தான் படிக்கும்.

இதனால் நான் அக்கா மகளிடம் கண்டிப்பாகச் சொன்னது, பொத்தான் ஏறும்போது முளைக்கும் நுனிக்கும் நடுவே தூரம் பார்க்க வேண்டும். சில பிக்சல்கூட நகரவில்லை என்றால் பட்டியலில் சேர்க்காதே. மனிதக் கை கல் இல்லை, சும்மா சொடுக்கும்போதும் ஒன்றிரண்டு பிக்சல் ஆடும். எது சொடுக்கல், எது இழுப்பு என்று பிரிக்க ஒரு வரம்பு எப்போதும் வேண்டும். க்யூட்டி என்ற கருவித்தொகுப்பு, பொருளை இழுத்துப் போடும் வேலைக்கு இந்த வரம்பைத் தானாகவே 10 பிக்சல் என்று வைத்திருக்கிறது. வரைவதற்கு அவ்வளவு வேண்டாம், 3 போதும் என்பது என் அனுபவம். அதோடு எஸ்கேப் விசையை அழுத்தினால் இழுப்பு ரத்தாக வேண்டும். நூலைக் கட்டிவிட்டு மனசு மாறினால் அவிழ்த்துக்கொண்டு போக உரிமை உண்டு. இழுத்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே போய்விட்டால்? பயப்பட வேண்டாம். அழுத்தியது உங்கள் ஜன்னலில் என்றால், விடும்வரை சேதி உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். எண்கள் மட்டும் சுழியத்துக்குக் கீழேயோ ஜன்னல் அகலத்துக்கு மேலேயோ போகும். அதைப் படத்தின் ஓரத்தோடு நிறுத்துவதா, அப்படியே விடுவதா என்பது நம் விருப்பம். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

இரவு சாப்பாட்டுக்கு அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். போவதற்கு முன் அக்கா மகள் இன்னொன்று கேட்டாள்: "வரைஞ்சதைப் பிடிச்சு நகர்த்த முடியுமா மாமா?"

பட்டியல் இருக்கும்போது ஏன் முடியாது. அழுத்திய புள்ளி எந்தச் செவ்வகத்துக்குள் விழுகிறது என்று பட்டியலில் தேட வேண்டும், ஆனால் கடைசியிலிருந்து முதல் நோக்கித் தேட வேண்டும். கடைசியாக வரைந்ததுதான் மேலே கிடக்கிறது, பார்ப்பவர் தொட நினைத்தது அதைத்தான். கிடைத்ததும் அதன் மூலையை அம்புக்குறி நிற்கும் இடத்துக்கு மாற்றினாள். பிடித்த உடனே செவ்வகம் ஒரு குதி குதித்து, தன் மூலையை அம்புக்குறியில் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் பிடித்தது மூலைக்கு வந்துவிட்டது. "அழுத்தின நேரத்துல மூலைக்கும் கைக்கும் எவ்வளவு தூரம்னு குறிச்சு வச்சுக்கோ தாயி. நகரும்போது கை இருக்கிற இடத்துல இருந்து அந்தத் தூரத்தைக் கழி" என்றேன். இரண்டு எண் சேர்த்தாள், இரண்டு கழித்தல் சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டாள். 200, 150-இல் பிடித்தாள், மூலை 120, 80-இல் இருந்தது, இடைவெளி 80-உம் 70-உம். மெதுவாக வலது பக்கம் இழுத்தாள். பிடித்த இடத்தில் பிடித்தபடியே செவ்வகம் கையோடு வந்தது.